தையல்நாயகி விரல் வைத்த வரி

ஆனந்தமேரி டீச்சர் வகுப்பில் பதிலை வாயால் சொன்னால் மட்டும் போதாது. "எந்த வரியில இருக்கு? விரல் வை" என்பார். விரல் வைக்காத பதிலுக்கு அரை மார்க்குகூடக் கிடையாது. முதலியார்பேட்டை மில் தொழிலாளிகளின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் தமிழ்ப் புத்தகத்தை விரலாலேயே தேய்த்துவிடுவார்கள். நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? அதை வைத்தே ஒரு பிள்ளையின் வாயை அடைத்தாரே, அதுதான் கொடுமை.

எழுபத்து நான்காம் வருஷம். மில் மூடி மூன்று மாதம். பாடத்தில் ஒரு அம்மா பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். தான் சாப்பிடவில்லை. "எனக்குப் பசியில்லை" என்கிறாள். அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று டீச்சர் கேட்டார்.

"சோறு பத்தாது டீச்சர். அதான் பசிக்கலன்னு சொல்லுது" என்றாள் தையல்நாயகி. அவள் அப்பா பக்கிரிக்கும் மில்லில்தான் வேலை போயிருந்தது.

"விரல் வை."

வைத்தாள், பத்து வரி மேலே. டீச்சர் அந்த வரியைப் படித்தாரா? எங்கே! அவர் எழுதி வைத்திருந்த விடை கீழ் வரியில் இருந்தது. பிள்ளையின் விரலைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தார்.

"பசியில்லன்னு இங்க எழுதியிருக்கு பார். உங்க வீட்டுக் கதையெல்லாம் இங்க அளக்காத."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்த வருஷம் முழுக்கத் தையல்நாயகி மறுபடி கை தூக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கும் போகவில்லை.

அடுத்த வருஷம் அதே பாடத்தை நடத்தும்போதுதான் டீச்சர் கண்ணில் பட்டது: 'பானையில் ஒரு பிடி அரிசிதான் கிடந்தது.' அதே பத்து வரி மேலே. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். பக்கிரி வீடு பூட்டிக் கிடந்தது. மூலக்குளம் பக்கம் கொல்லைக்காட்டில் கூலி வேலைக்குப் போய்விட்டார்களாம். மூலக்குளம் என்ன சீமையிலா இருக்கிறது? ரிக்‌ஷா பிடித்தால் அரை மணி நேரம். என்ன முகத்தோடு போவது என்று டீச்சர் இருந்துவிட்டார். மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் மூன்று செபம் சொல்லச் சொன்னார். மூன்று செபத்தில் தீருகிற காரியமா இது?

எண்பத்தெட்டில் தையல்நாயகியே வந்து நின்றாள், மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க. டீச்சர் அலமாரியிலிருந்து அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"அன்னைக்கு நீ சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன். அந்த வரிய நீயே காட்டு."

தையல்நாயகி எழுத்துக்கூட்டித் தேடினாள். விரல் பானை வரியில் வந்து நின்றது. டீச்சர் அதேதான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் டீச்சர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, விரலைத் தானே கீழே இறக்கினாள்.

"சும்மா சோதிக்காதீங்க டீச்சர். பசியில்லன்னு இங்கதான எழுதியிருக்கு? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சிரித்தாள்.

தையல்நாயகி மகளை முன்னால் இழுத்து நிறுத்தி, "டீச்சர் எந்த வரிய காட்டுறாங்களோ, அதத்தான் சொல்லணும். என்னா?" என்றாள்.