மடைமாடனுக்கு விட்ட தண்ணீர்

இலஞ்சிக்குக் கிழக்கே ஒரு சின்னக் குளம். அந்தக் குளத்துக்கு நீர்பாய்ச்சி சங்கிலிப்பாண்டி. எந்த வயலுக்கு எந்த நாழிகையில் தண்ணீர் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அவர்தான். நிலம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அரைக்காணி கூடக் கிடையாது. ஆனாலும் பெரிய பண்ணைக்காரர்களெல்லாம் வரப்பில் அவரைக் கண்டால், "வாரும் பாண்டி" என்று வெற்றிலைப் பெட்டியை நீட்டுவார்கள். தண்ணீர் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

1936 சித்திரையில் அவருடைய மூத்த மகள் உலகம்மாள் குளிர்காய்ச்சலில் செத்துப்போனாள். எட்டு வயது. பதினோரு நாள் விட்டு விட்டு நடுங்கினாள், பன்னிரண்டாம் நாள் நடுக்கம் நின்றது. சங்கிலிப்பாண்டி அழவில்லை. குழியில் மண் தள்ளிவிட்டு, நேரே குளத்துக்குப் போய் மடையைப் பார்த்துவிட்டு வந்தார். ஊர் என்றால் சும்மா இருக்குமா? "கல்நெஞ்சுக்காரன்" என்றது. கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே எதுவுமே அசையவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவனின் கால் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. அவர் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு மட்டும் அது தெரியும்.

மிச்சம் இருந்தது இளையவள் வடிவு. நாலு வயது. அவளுக்கும் இடதுபக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, காய்ச்சல்கட்டி இறங்கியிருந்தது. உலகுவுக்கு இருந்த அதே கட்டி. தடவிப் பார்க்க இருவருக்குமே பயம். குளிப்பாட்டும்போது முப்பிடாதி அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் தேய்ப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் சர்க்கார் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு கண்ணாக விழித்தது. மார்கழியில் தங்கசாமி என்ற ஓவர்சியர் வந்தார். வாய்க்கால், குளம், வயல் எல்லாம் அளந்து வரைபடம் போட்டார். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர் நம் சங்கிலிப்பாண்டி. தை மாதம் தென்காசியிலிருந்து டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியன் வந்தார். பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்து, வயிற்றை அமுக்கி, கட்டி இருக்கிறதா என்று எழுதிக்கொண்டார். பிள்ளைகளைக் கூட்டி வந்ததும் பாண்டிதான். கீழத்தெருவில் ஐம்பது பிள்ளைகளில் நாற்பதுக்குக் கட்டி. மேலத்தெருவில் ஐந்தே பேருக்கு. சாப்பாட்டுக் குறைவு என்று டாக்டர் எழுதினார். மேலத்தெருக்காரர்கள் மட்டும் நெய்ச்சோறு தின்றார்களா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

சித்திரையில் கொசுவைப் படித்தவர் ஒருவர் வந்தார், முகம்மது மீரான் என்று பேர். விடிகாலையில் தொழுவத்திலும் வீட்டு மூலையிலும் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துக் கொசு பிடிப்பார். வாலைத் தூக்கிக்கொண்டு உட்காருகிற, குளிர்காய்ச்சலைப் பரப்புகிற கொசுதான் அவருக்கு வேண்டும். கீழத்தெருவில் அது குழாய் குழாயாகக் கிடைத்தது.

"தேங்கின தண்ணி இருக்க எடமெல்லாம் எனக்குக் காட்டணும் பாண்டி" என்றார் மீரான்.

பாண்டி கிணறு காட்டினார், எருக்கிடங்கு காட்டினார், குளத்து ஓரம், தென்னந்தோப்புக் குழி, கோயில் தொட்டி எல்லாம் காட்டினார். எங்கேயும் அந்தக் கொசுவின் புழு இல்லை. மீரான் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மூவரும் மூன்று அறிக்கை எழுதி மூன்று இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள், கதை அதோடு முடிந்திருக்கும். தடுத்தது குற்றாலத்துச் சாரல்தான். ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழுந்ததும் ஜமீன்தார், வக்கீல் என்று கூட்டம் வந்து பங்களாக்களை அடைத்துக்கொண்டது. அறிக்கை எழுத அங்கே தங்க வந்த மூன்று அதிகாரிகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அறைதான் கிடைத்தது. அறையில் ஒரே ஒரு மேஜை. வேறு வழியில்லாமல் மூவர் காகிதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

கொசுக்குழாய்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு பாண்டி போய்ச் சேர்ந்தபோது, தங்கசாமியின் வரைபடத்தின் மேல் டாக்டர் சிவப்பு மசியால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கட்டி உள்ள பிள்ளையின் வீட்டுக்கெல்லாம் ஒரு புள்ளி. மீரான் கொசு கிடைத்த வீடுகளுக்கு நீலப் புள்ளி வைத்தார். பாண்டி வாசலில் ஈரத்தோடு நின்றார்.

புள்ளிகள் சிதறி விழவில்லை. குளத்து மடையில் தொடங்கி, கீழத்தெருவின் கொல்லைப்புறமாக ஒரே கோடாக வளைந்து போயின.

"ஏன் ஓவர்சியர், இங்க ஏதாவது ஓடை இருக்கா?" என்றார் டாக்டர்.

"கிடையாது சார். மழைக்காலத்துல எல்லாம் வயல். பிசான நெல்லு அறுத்ததும் பங்குனியில மடையை அடைச்சிருதாங்க. ரிஜிஸ்தர்ல இருக்கு. ஆனி வரைக்கும் சொட்டுத் தண்ணி வராது."

"இந்தக் கொசுவுக்குத் தெளிஞ்ச தண்ணி வேணும்" என்றார் மீரான். "மெல்ல நகரணும், வெயில் படணும். சித்திரை, வைகாசியில அப்படித் தண்ணி இல்லாம இத்தனை கொசு வராது. ஆனா பாண்டி காட்டின எடமெல்லாம் தேடிட்டேன், இல்ல."

மூவரும் வரைபடத்தைப் பார்த்தார்கள். மூவருக்காகவும் அலைந்த ஆள் வாசலில் நின்றார். அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பாண்டியின் பாட்டனுக்குப் பாட்டன், மாடன் என்று பேர், ஒரு வெள்ளத்தில் மடை அடைபடாமல் போனபோது உள்ளே இறங்கி, ஓட்டைக்குள் கையைக் கொடுத்தபடியே செத்தவன். அவனை மடைமாடன் என்று கல் நட்டுக் கும்பிட்டார்கள். செத்தவனுக்குக் கோடையில் தாகம் எடுக்கக் கூடாது என்று, மடையை அடைக்கும்போது ஒரு விரல் அகலம் கசிவு விட்டுவைப்பது வழக்கம். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்து ஆண்தான் விடுவான். அதற்குச் சாமித் தண்ணி என்று பேர். கீழத்தெருக் கொல்லையில் அது சின்னச் சின்னக் குட்டையாகத் தங்கித் தங்கிப் போகும். பெண்கள் அதில் பாத்திரம் விளக்குவார்கள், வெளியாண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. உலகு அங்கேதான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து செம்பு தேய்ப்பாள்.

மீரான் கேட்டபோது அதைக் காட்ட வேண்டும் என்றே பாண்டிக்குத் தோன்றவில்லை. மறைக்கவில்லை. அது சாமியுடையது. தண்ணீர்க் கணக்கில் அவர் அதை என்றைக்குமே சேர்த்ததில்லை.

வாயைத் திறந்தால் ஊர் தன்னை என்ன சொல்லும் என்று யோசித்தார். முப்பிடாதி என்ன சொல்லுவாள் என்று யோசித்தார். பிறகு வடிவுவின் விலா ஞாபகம் வந்தது.

"தண்ணி இருக்குதய்யா" என்றார். "நாந்தான் விடுதேன்."

மூவரும் திரும்பினார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், கல் நட்ட கதையிலிருந்து செம்பு தேய்த்த கல் வரைக்கும். டாக்டருக்கு உலகு செத்தது தெரியும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உமக்குத் தெரியாதேய்யா" என்றார். அந்த வார்த்தை பாண்டியின் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார். முப்பிடாதி அடுப்படியில் இருந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"எம்பிள்ளைய அங்கன போயி வெளக்கிட்டு வாட்டின்னு அனுப்புனது நாந்தான்" என்றாள்.

அன்றைக்கும் இரண்டு பேரும் அழவில்லை.

அடுத்த பங்குனியில் மடை அடைக்கிற நாள் வந்தது. கசிவு கூடாது என்று தாலுகா ஆபீசிலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஊரில் பெரிய பேச்சாகிவிட்டது. சாமி கோபித்துக்கொள்ளும், குளம் உடையும் என்றார்கள். ஆளுக்கு ஆள் நியாயம் பேசினார்களே ஒழிய மடையில் இறங்க ஒருவனும் முன்வரவில்லை. பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கட்டையைச் செருகினார். விரல் அகல இடுக்கில் வழக்கம்போல நீர் கசிந்தது. அதன் மேல் வைக்கோலைத் திணித்து, களிமண்ணை அப்பி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நின்றுவிட்டது.

கரையில் வடிவை இடுப்பில் வைத்துக்கொண்டு முப்பிடாதி நின்றாள்.

"மாடன் பாட்டையா தாகமா இருக்குன்னு கனவுல வந்து கேட்டா என்ன சொல்லுவீக?"

பாண்டி மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"எம்மவளக் குடிச்சாச்சில்லா, போதும்னு சொல்லுவேன்."

அந்த வருஷம் கீழத்தெருவில் காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. மறுவருஷம் கட்டி உள்ள பிள்ளைகள் ஒன்பது பேர்தான் என்று டாக்டர் வந்து எண்ணிவிட்டுப் போனார். அந்த ஒன்பதில் வடிவு இல்லை. சங்கிலிப்பாண்டி 1948 வரை நீர்பாய்ச்சியாக இருந்தார். ஒவ்வொரு பங்குனியிலும் மடையை அடைத்த மறுநாள் கீழத்தெருக் கொல்லைக்குப் போவார். செம்பு தேய்த்த கல்லின் மேல் கையை வைத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார்.