வளைவில் நின்ற நடவு

"நாகம்மாள், க/பெ. வீரையன். இல்லத்தரசி. நிலம் இல்லை. திட்டத்தால் பாதிப்பு இல்லை." துறைமுகச் சாலைத் திட்டத்தின் அறிக்கையில் அவர் இப்படித்தான் இருக்கிறார். பகலில் அவரை இல்லத்தில் பார்த்தவர்கள் குறைவு. நிலம் கல்யாணராமனுடையது, அவர் சென்னையில் உட்கார்ந்தபடியே சம்மதம் கொடுத்துவிட்டார். அதைக் குத்தகைக்கு எடுத்து வருஷா வருஷம் நட்டு அறுப்பவர் நாகம்மாள். ஆய்வுக்கு ஆட்கள் வந்தது சித்திரையில். சித்திரையில் பார்த்தால் இங்கே எல்லா வயலும் யாருக்கும் வேண்டாத பொட்டல்தான்.

நாகூர்ப் பக்கத்துத் துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகள் கப்பலிலிருந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அவற்றை ஏற்றிய லாரி இந்த ஊர் வளைவில் திரும்ப வேண்டுமானால், நாகம்மாளின் வயல் மூலையில் கிராவல் கொட்டி இறுக்க வேண்டும். சுத்தமான மின்சாரத்துக்குச் சேறு இடைஞ்சலாக இருந்தது.

புரட்டாசியில் இன்ஜினியர் வெங்கட்ராகவன் டிப்பர் லாரிகளோடு வந்தபோது, அந்த மூலையில்தான் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஓனர் சம்மதிச்சிட்டாரே, சொல்லலையா?"

"சொன்னாருங்க. அவரு சம்மதிச்சா அவரு வீட்டு வாசல்ல கொட்டுங்க. இங்க நடுறது நானு."

"காத்துல கரண்ட் எடுக்கறது நல்லதுதானே?"

"யாரு இல்லன்னா? தையில அறுத்துடுவேன், அப்புறம் கொண்டுபோங்க. காத்து எங்க போயிடப்போவுது?"

பேச்சுவாக்கில் இன்ஜினியர் வரப்பில் இறங்கிவிட்டார். நடவு நேரத்தில் வெளியாள் வரப்பில் நின்றால், பெண்கள் காலடியில் நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். காசு கொடுத்தால்தான் வழி. வெங்கட்ராகவனின் தாத்தாவும் ஒருகாலத்தில் நிலம் வைத்திருந்தவர். வழக்கம் தெரிந்தவராகச் சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்தார்.

"காசு வேணாம் சார். எறங்கி நடுங்க."

"எனக்கு வராதும்மா."

"கல்லு கொட்ட வருது, இது வராதா?"

பெண்கள் குலவை போட்டார்கள். டிப்பர் டிரைவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். வெங்கட்ராகவன் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி, அந்த முடியின் நாற்று தீரும்வரை நட்டார். வரிசை கோணல்.

"இப்ப இது சார் நட்ட பயிரு," என்றார் நாகம்மாள். "மேல கொட்டுங்க, பாப்போம்."

தன் கை நட்டதன் மேல் கொட்டச் சொல்ல வெங்கட்ராகவனுக்கு மனம் வரவில்லை. அவர் நட்ட படம் வேறு டிரைவர்களின் செல்போனில் இருந்தது. லாரிகள் சுமையோடு திரும்பின. வயலில் பயிர் இருப்பதாக அன்று மாலையே மேலிடத்துக்குத் தெரிவித்தார். திட்டத்தில் யாருக்கும் அதுவரை தெரியாத பயிர்.

நாகம்மாள் தையில் நெல்லை அறுத்தார். அதுவரை இறக்கைகளைத் துறைமுகத்திலேயே காக்க வைத்தார்.