பன்னிரண்டாம் படுக்கையின் துடிப்பு

இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டதல்ல. நேரங்களெல்லாம் அன்றே தாளில் குறித்தவை. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பராகுவே நாட்டின் தலைநகர் அசுன்சியோனில் ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு படுக்கைகள். ஒவ்வொரு படுக்கையின் கருவியும் நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நொடிக்கு நொடி ஒரே டேட்டாபேஸ் கோப்பில் எழுதும். கோப்பு நிரம்பினால் கருவிகள் ஊமையாகிவிடும். யாருக்காவது இதயம் நின்றால்கூடச் செவிலியர் மேசையில் மணி அடிக்காது. அது நிரம்பாமல் பார்ப்பதுதான் என் வேலை. டிசம்பர் 3 அன்று சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த அர்செனியோ நவம்பரில் இறந்துபோயிருந்தார்.

ஜனவரி 22. மதியம் 12:50. இங்கே ஜனவரி கோடைக்காலம்; வெளியே நாற்பத்தோரு டிகிரி. அலுவலகத்தில் எல்லோரும் மதியத் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திரையில் கோப்பு 97 சதவீதம்.

காவலாளி வில்ஃப்ரிதோ, தெரெரே என்னும் ஐஸ் போட்ட மூலிகைப் பானத்தின் குவளையோடு எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா நிமியா, போகலையா? மத்தியானம் தூங்காத பிள்ளைங்களை ஜாசி ஜாதெரே பூதம் தூக்கிட்டுப் போயிடும்.”

“முப்பத்தாறு வயசுப் பிள்ளையைத் தூக்க அதுக்கு முதுகு தாங்கணுமே, தொன் வில்ஃப்ரிதோ. ஃபைல் நிரம்பப் போகுது.”

“அர்செனியோவா இருந்தா தூங்கி எந்திரிச்சுப் பாத்துக்கலாம்னு கிளம்பியிருப்பான்.”

குவளையில் ஐஸ் குலுங்கும் சத்தம் படியிறங்கிப் போனது.

1:10. எது இடத்தை அடைக்கிறது என்று படுக்கைவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பதினொன்றும் சரியாக இருந்தன. பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. கிட்டத்தட்டப் பாதி இடம் அதனுடையது.

பிரிவுக்குப் போன் செய்தேன். செவிலி லிதுவினா எடுத்தாள்.

“பன்னெண்டாம் படுக்கையில யாரு?”

“வெயில்ல மூளை உருகிடுச்சாடி உனக்கு? அந்த ரூமை இடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இப்ப அங்க லிஃப்ட் ஓடுது.”

1:24. அந்தப் படுக்கையிலிருந்து பதிவு வரும் வழியை அடைத்தேன். பழைய பதிவுகளை மொத்தமாக அழித்தேன். 52 சதவீதம். அப்பாடா என்று சாய்ந்தேன்.

1:31. ஒரு வரி வந்தது.

படுக்கை 12. துடிப்பு 84.

அடைத்த வழியில் எப்படி...

91.

ஏசி டக்கென்று நின்றது.

97... 104...

என் காதுக்குள் இதயம் அடிப்பது கேட்டது. மணிக்கட்டைப் பிடித்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.

திரையைப் பார்த்தேன்.

112.

மூச்சை அடக்கினேன்.

மூச்சு: 0.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. 1:36-க்கு வாசல் வெயிலில் நின்றிருந்தேன்.

“என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?” என்றார் வில்ஃப்ரிதோ.

மறுநாள், அழித்த பதிவுகளைக் காப்புப் பிரதியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு துண்டுகளாக இருந்தன. இரண்டாவது, டிசம்பர் 3 காலை 7:05-க்குத் தொடங்குகிறது. நான் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த நேரம்.

முதல் துண்டு நவம்பர் 17, மதியம் 1:42-க்கு நிற்கிறது. கொள்ளளவுப் பதிவில் அந்த நிமிடத்துக்கு நேராக இருந்த எண் 100 சதவீதம். அன்று மூன்று மணிக்கு யாரோ இடம் கூட்டும்வரை கருவிகள் ஊமையாகக் கிடந்திருக்கின்றன. பதினொரு நோயாளிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அர்செனியோவின் மனைவிக்குப் போன் செய்து, அவர் இறந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

“நவம்பர் பதினேழு. வேலை பாதியில கிடக்கு, தூங்கிட்டுப் போறேன்னு வந்தாரு. பக்கத்துல உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தேன். குறட்டை சட்டுனு நின்னுது. மணி பாத்தேன். ஒண்ணு நாப்பத்திரெண்டு.”

அதன்பிறகு நான் எவ்வளவு அழித்தாலும் கோப்பின் சதவீதம் இறங்குவதில்லை. புது சேமிப்பு வட்டு சேர்த்தால்தான் இறங்குகிறது. அடுத்த வட்டுக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பம் பதினொரு நாளாக நிர்வாகியின் மேசையில் கிடக்கிறது. தூங்கி எழுந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவர் இன்றும் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது மதியம் 1:20. கோப்பு 99 சதவீதம்.