மிர்ச்சா மாஸ்டரை யாரும் பேய்க்காட்டவில்லை

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மிர்ச்சா மாஸ்டரின் மனைவி. "அவர் இன்று எழும்பவில்லை" என்று ஜெர்மன் மொழியில் ஒரே வசனம் சொன்னார். பீலெஃபெல்டில் அவரிடம் உதைபந்தாட்டம் பழகிய நீங்கள் எல்லோரும் இப்போது திக்குக்கு ஒருவராகப் போய்விட்டீர்கள். மூன்று வருடமாக உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் ருமேனியர். முப்பதுகளில் அந்த நாட்டின் பெரிய அணியொன்றில் இடது பின்கள வீரர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பயிற்சியாளர். மனைவி ஜெர்மன் வம்சம் என்பதால் முதுமையில் இங்கே ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார்கள். பழைய தோற்பந்தின் வார்முடிச்சு கிழித்த தழும்பு அவருடைய நெற்றியில் இருந்தது. அகதி விடுதிக்குப் பின்னால் நாங்கள் பந்தைத் துரத்துவதை இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, "பதினொரு பேரும் பந்துக்குப் பின்னால் ஓடினால் வீட்டை யார் பார்ப்பது?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். விளையாட்டில் நான் பூச்சியம் என்பது உங்களுக்குத் தெரியும்.

முன்களத்தில் யோகன் நின்றான். பந்து காலில் பட்டால் பெற்ற தாய்க்கும் கொடுக்கமாட்டான். "மற்றவர்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள் என்றால் நுழைவுச்சீட்டு வாங்கட்டும்" என்பார் மாஸ்டர்.

எண்பத்தாறில் கார்ல்ஸ்ரூஹேயில் நடந்த போட்டிக்கு எங்களை அழைத்தார்கள். அங்கிருந்து பிரான்ஸ் எல்லை கூப்பிடு தூரம். அனுமதிக் கடிதம் இல்லாமல் நாங்கள் எங்கள் மாவட்டத்தைத் தாண்ட முடியாது. பதின்மூன்று பேரும் திரும்பி வருவார்கள் என்று யாராவது பொறுப்பெடுத்துக் கையொப்பமிட வேண்டும் என்றது அலுவலகம். மாஸ்டர் தானே வந்து கையொப்பமிடுவதாகச் சொன்னார்.

கையொப்பமிடுவதற்கு முதல் நாள் யோகன் என்னைத் தனியே கூப்பிட்டான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். பாரிஸில் அக்கா இருந்தாள்.

"அண்ணை, நான் திரும்பி வரமாட்டன். மாஸ்டரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

அலுவலகத்தில் உறுதிக்கடிதத்தை வாசித்து முடித்த மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். "பதின்மூன்று பேரும்தானே?" என்றார். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கையொப்பமிட்டார்.

போட்டியில் இடைவேளையோடு யோகனை வெளியே எடுத்தார். "உனக்குக் கால் நோகிறது. போய்ப் படு" என்றார். காலில் ஒன்றுமில்லை. தோற்றுப்போய் பஸ்ஸில் ஏறினோம். வாசற்படியில் நின்று தலைகளை எண்ணினார். பன்னிரண்டு. "சரி, எல்லோரும் வந்தாயிற்று" என்றார். பாதி வழியில் "யோகன் எங்கை?" என்று யாரோ கத்தியபோது மாஸ்டர் நித்திரை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அலுவலகத்தில் அவரை நிற்கவைத்துத் திட்டினார்கள். எங்களுக்கு அதன்பின் அனுமதியே கிடைக்கவில்லை, அணி உடைந்தது. "கிழவனைப் பெடியன் நல்லா ஏமாத்திப் பேய்க்காட்டிப்போட்டான். மனுசனுக்குப் பதின்மூண்டு வரைக்கும் எண்ணத் தெரியேல்லை" என்று விடுதிக் குசினியில் சமைத்துக்கொண்டே சிரித்தீர்கள். நானும் கூடவே சிரித்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், எனக்கு முன்பே தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "அந்தக் கிழமை முழுவதும் அவன் எல்லோருக்கும் பந்தைக் கொடுத்தான். அப்படிப்பட்டவன் திடீரென்று நல்லவனானால், அவன் விடைபெறுகிறான்."

அப்படி இன்னொருவனையும் கண்டிருக்கிறார். ருமேனியாவில் பயிற்சியாளராக இருந்த காலம். வெளிநாட்டுப் பயணத்துக்கு முந்திய கிழமை. முன்கள வீரன் ஒருவன் பந்தைப் பகிரத் தொடங்கினான். அவன் நாட்டைவிட்டு ஓடப்போகிறான் என்று மாஸ்டர் அதிகாரியிடம் சொல்லிவிட்டார். அவனை ரெயிலிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள்.

"எனக்கு அதன்பின் எட்டு வருடம் பயிற்சியாளர் வேலை இருந்தது."

"அவனுக்கு?"

"நான் விசாரிக்கவில்லை" என்றார். "உங்கள் பெடியனை விட்டதால் அது சரியாகிவிடாது. நீ ஆறுதல் சொல்லாதே." உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த மரணச் செய்தி கேட்டதும் பாரிஸுக்கு அழைத்தேன். யோகன் அழுதான். "அந்த மனுசனை ஏமாத்திப்போட்டு வந்தனான் அண்ணை. ஒரு மன்னிப்புக்கூடக் கேக்கேல்லை."

"அவருக்குத் தெரியுமடா."

"அப்ப இடைவேளையிலை என்னை வெளியிலை எடுத்தது?"

"உன்ரை ரெயிலுக்கு."

அவருடைய ஆட்ட நுணுக்கம் ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. இது ஒன்றுதான் ஒட்டியது. மொழிபெயர்க்க இப்போதும் விடுதிகளுக்குப் போகிறேன். கஞ்சப் பயல் ஒருவன் அறையில் உள்ள எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் எனக்கு விளங்கிவிடுகிறது. எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. குளிருக்குச் சட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.