உடுமலைக்கும் திருப்பூருக்கும் ஒரே மாத்திரை

அபிராமியின் அப்பா பெருமாள்சாமி, விளாத்திகுளத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் டெய்லரானவர். மகள் பி.ஃபார்ம் முடித்து அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநராகச் சேர்ந்தாள்.

அந்த மருத்துவமனையும் உடுமலைப்பேட்டையில் இன்னொன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே மருந்துக்கு இங்கே கம்ப்யூட்டரில் ஓர் எண், அங்கே வேறு எண். இரண்டையும் உலகம் முழுக்க அந்த மருந்துக்கு வழங்கும் சர்வதேச எண்ணோடு பொருத்தினால்தான் அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டவரின் மருந்து இங்கே திரையில் தெரியும். அந்த வேலை அபிராமியின் தலையில் விழுந்தது. உடுமலைப் பக்கம் அதைக் கவனித்தவன் தரணீதரன். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன், கம்ப்யூட்டர் ஆள்.

முதல் வாரமே போனில் சண்டை. சர்க்கரை மாத்திரையில் சாதாரணமானதும் மெதுவாகக் கரைவதும் அவனிடம் ஒரே எண்ணில் கிடந்தன.

"பேரும் ஒண்ணு, மில்லிகிராமும் ஒண்ணு. அப்புறமென்னங்க?"

"மெதுவா கரையுறத உடைச்சுப் போடக் கூடாது, மத்ததை உடைக்கலாம். ரெண்டுக்கும் தனி எண் போடுங்க."

"பழைய பதிவு பூராவும் மாத்தோணுமுங்க."

"மாத்துங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். ஆனால் அடுத்த மாதம் அவன் முறை வந்தது.

"ஏனுங்க, காதுல ஊத்தற மருந்தைக் கண்ணுல ஊத்தச் சொல்லியிருக்கறீங்க."

அபிராமி பதறிப் பார்த்தாள். உண்மைதான். திருத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு சந்தேகம் இல்லாத நாட்களிலும் போன் வந்தது.

எல்லாம் இணைந்த வாரம், திருப்பூரில் தன் மகள் வீட்டுக்கு வந்திருந்த உடுமலைக்காரர் கிட்டுசாமி மயங்கி விழுந்து இங்கே சேர்க்கப்பட்டார். தெளிந்ததும், "மாத்திரைப் பேரெல்லாம் தெரியாதே கண்ணு" என்று தவித்தார்.

"எல்லாம் வந்துட்டுங்கய்யா" என்றாள் அபிராமி. ஒன்றுவிடாமல் திரையில் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தே சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைத்தார். மறுநாள் கிட்டுசாமி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

அபிராமி உடனே தரணீதரனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சுதுங்களே. இனி என்னத்தைச் சொல்லிக் கூப்பிடறதுன்னு ரோசனையா இருக்குதுங்க."

"ஒண்ணும் சொல்லாமலே கூப்பிடுங்க."

"ஞாயித்துக்கெழம அம்மாவைக் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கு வரட்டுங்களா?"

பெருமாள்சாமி முதலில் தயங்கினார். வேறு சனம், வேறு பழக்கம். ஆனால் வந்த அம்மாள் நேராக அடுப்படிக்குப் போய், "குழம்பு வாசம் தெருவுக்கே வருதுங்க" என்று அபிராமியின் அம்மா கருத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு முடிவதற்குள் இரண்டு அம்மாக்களும் தை மாதத்தில் நாள் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.