பெயர் எழுத வேண்டாத சீட்டு

ஸித் இப்திஹாலை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. (ஆசிரியையை 'ஸித்' என்றும் ஆசிரியரை 'உஸ்தாத்' என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்.) பஸ்ராவை அடுத்த அபுல் கஸீபில் பேரீச்சந்தோப்புக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் மலேசியாவுக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு பஸ்ராவுக்குத் திரும்பியிருந்தார். வெளியூரிலிருந்து திரும்புகிறவர்கள் சும்மா திரும்புவதில்லை, நம்மைத் திருத்தத்தான் திரும்புகிறார்கள்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் நடைமுறை என்னவென்றால், ஆசிரியர் தன் நோட்ஸை வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் வாங்கி உருப்போடுவார்கள். தேர்வில் அதையே வாந்தி எடுப்பார்கள். நான் இத்தனை காலமும் அப்படித்தான் ஓட்டினேன், யாரும் குறை சொன்னதில்லை. இப்திஹாலுக்குக் கட்டடத்தின் அடியில் இருக்கும் மண்ணைப் பற்றிய பாடம். வந்த வாரமே கடைக்காரரிடம் போய், இந்தப் பாடத்துக்கு இனி நோட்ஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அதோடு விட்டாரா? வகுப்பு முடியும் நேரத்தில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். "இன்னிக்கு எது புரியலையோ அதை எழுதிக் குடுங்க. பேர் எழுத வேண்டாம். அடுத்த வகுப்பை அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்."

பெயர் எழுத வேண்டாமாம்! இராக்கில் வந்து இதைச் சொல்கிறார். யாரோ போலீசுக்கு எழுதிப் போட்ட பெயரில்லாத சீட்டு ஒன்றால் காணாமல் போன பெரியப்பாவோ மாமாவோ எங்களில் எல்லார் வீட்டிலும் உண்டு.

தேநீர்க் கடையில் அவருடைய மாணவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஒருவன் அகீல், வகுப்புக்கே தலைவன் மாதிரி. இன்னொருவன் மைஸம், அதிகம் வாய் திறக்காதவன்.

"டேய் மைஸம், எதையாவது எழுதித் தொலைச்சிராதே. கையெழுத்தை வச்சே புடிச்சிருவாங்க."

"புரியலைன்னு எழுதினா என்னடா ஆயிரும்?"

"நமக்கு எது தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதையே பரீட்சையில கேப்பாங்க. மலேசியாவுல வேற என்னத்த சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறே?"

அகீல் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் எல்லாச் சீட்டையும் அவனே இடது கையால் எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. வாராவாரம் ஒரே வாசகம்: 'எல்லாம் புரிந்தது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.'

இப்திஹாலுக்கும் எனக்கும் ஒரே அறை. சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"உஸ்தாத் ஃபாலிஹ், இதைப் பாருங்களேன். எல்லாம் ஒரே கோணல் கையெழுத்து."

"புரிஞ்சுதுன்னுதானே சொல்றாங்க. சந்தோஷப்படுங்க."

"இவ்வளவு ஆயுளை வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்வேன்?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அடுத்து, பிள்ளைகளைக் குழு குழுவாகப் பிரித்து, விரிசல் விட்ட வீடுகளைப் பார்த்துவரச் சொன்னார். எங்கோ கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார், நம்மை ஓசியில் வேலை வாங்குகிறார் என்று அகீல் கிளப்பிவிட்டான். பாதிப் பேர் போகவே இல்லை.

ஆண்டுத் தேர்வில் அவர் கேட்ட கேள்வி எந்த நோட்ஸிலும் இல்லாதது: உங்கள் தெருவில் ஒரு வீடு, கட்டி முடித்துப் பல வருடம் ஆகியும், ஏன் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது? பாதி வகுப்பு தோற்றது. அப்பாக்கள் கூட்டமாக வந்து கத்தினார்கள். துறைத்தலைவர் டாக்டர் ஷாகிர் விசாரணை வைத்தார், என்னையும் உட்கார வைத்தார். வேண்டுமென்றே தோற்கடித்தார் என்று முடிவானால், இப்திஹாலிடமிருந்து பாடம் பறிபோகும். அந்தப் பாடத்தை நடத்தத்தான் ஊருக்கே திரும்பினேன் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஷாகிர் சீட்டுக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் புரிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. அப்புறம் எப்படிம்மா பாதிப் பேர் பெயில்?"

"அது உண்மையில்லைங்க."

"அப்போ பிள்ளைங்க பொய் சொல்றாங்களா?"

இப்திஹால் சீட்டுக் கட்டை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். ஆமாம் என்றால் மாட்டப்போவது பிள்ளைகள்.

அகீலைக் கூப்பிட்டார்கள். எல்லாம் புரிந்தது, கேள்விதான் தப்பு என்றான். அடுத்து மைஸம் வந்தான்.

"பொய்ங்க. எனக்குப் புரியல. முதல் வாரத்திலிருந்தே புரியல."

அந்தக் கல்லூரியில் ஒரு மாணவன் இப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

"யாருப்பா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்றார் ஷாகிர். நானும் இப்திஹாலைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்து கிடந்தது. எங்களையெல்லாம் மறந்துபோனார். "எங்கே புரியல, மைஸம்?"

"களிமண்ணுல இருக்கிற தண்ணி வெளியேறுறதாலதான் வீடு இறங்குதுன்னு சொன்னீங்க, ஸித். அந்தத் தண்ணி உடனே போகாம ஏன் வருஷக்கணக்குல இழுக்குது?"

"இந்த ஒரு கேள்விக்காகத்தான்யா வருஷம் பூரா காத்துக்கிட்டிருந்தேன்!" தேநீர்த் தட்டை ஒதுக்கிவிட்டு, விசாரணைக் கோப்பின் அட்டையிலேயே படம் போட ஆரம்பித்தார்.

"ஸித் இப்திஹால், இது விசாரணை."

"ஒரு நிமிஷம் இருங்க டாக்டர். பையன் கேக்குறான்ல."

மைஸமுக்கு இப்திஹால்தான் சொல்லிக்கொடுத்து இப்படிச் சொல்ல வைத்தார் என்று எழுதிக்கொண்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். இப்திஹாலை ஆய்வுக்கூடச் சாமான்களுக்குப் பொறுப்பாக்கிவிட்டு, பாடத்தை எனக்குக் கொடுத்தார்கள். பழைய நோட்ஸ் கடைக்குத் திரும்பியது.

புது வருடத்தின் முதல் வகுப்பு. தோற்றவர்கள் மறுபடி படிக்க வந்திருந்தார்கள். மைஸம் முதல் வரிசையில், கையில் என் நோட்ஸோடு உட்கார்ந்திருந்தான். களிமண் பக்கத்தை வாசித்து முடித்துவிட்டு, வழக்கம்போல், "புரிஞ்சுதா?" என்றேன்.

"புரிஞ்சுது, உஸ்தாத்" என்றது வகுப்பு.

நான் மைஸமைப் பார்த்தேன். அவன் என் கண்ணை நேராகப் பார்த்து, "புரிஞ்சுது, உஸ்தாத்" என்றான்.

பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.