பொட்டலத்துக்கு எத்தனை?

மெரிடித் ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வீட்டைவிட்டு யார் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால் பாதிரியாரிடம் போய்ப் பிரயோஜனமில்லை. அவருக்கு எல்லாமே கடைசியில்தான் தெரியும். அர்லிஸ் பிரெக்கியிடம்தான் போக வேண்டும். எங்கள் கறிக்கூடத்தில் போன் எடுக்கிறவள் அவள். ஆனால் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. அதனால் அவள் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் லவோன். அவளுக்கு எதிர்மேஜையில் நின்று வெள்ளைத் தாளில் கறிப் பொட்டலம் கட்டுகிறவள். என்னை வம்புக்காரி என்பார்கள். இருக்கட்டும். வம்பு பேச ஒருத்தியும் இல்லாத ஊர் எப்படி உருப்படும்?

வடக்கு டகோட்டாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் கறியைப் பவுண்டுக் கணக்கில் வாங்க மாட்டார்கள். குளிர் தொடங்குமுன் அரை மாடோ, கால் மாடோ மொத்தமாக வாங்கி ஃப்ரீசரை நிரப்பிவிடுவார்கள். கடைத் தட்டிலிருந்து ஒற்றைத் துண்டு எடுத்துப் போகிறவனைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும், வீட்டில் என்ன கஷ்டமோ என்று. மாடு, பன்றி, செம்மறி, வேட்டைக் காலத்தில் மான், எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் முதலாளி டுவேன் தோலுரித்துக் குளிர் அறைக் கொக்கியில் தொங்கவிடுவார். தேவையான நாள் தொங்கிக் கறி பக்குவமானதும், எப்படி அறுக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் அர்லிஸின் வேலை.

ஸ்டேக் எவ்வளவு தடிமன்? பொட்டலத்துக்கு எத்தனை? அடுப்பில் முழுசாக வேகவைக்கிற துண்டு எத்தனை பவுண்டு? கொத்துக்கறிக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? நாக்கு, வால், இருதயம் வேண்டுமா? அவ்வளவுதான் கேட்பாள். அதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டாள்.

இதில் பொட்டலத்துக்கு எத்தனை என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. ஃப்ரீசரில் உறைந்து கல்லாகிவிட்ட பொட்டலத்தில் பாதியை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் வீட்டில் எத்தனை வாயோ, பொட்டலத்தில் அத்தனை துண்டு. லிண்ட்விக் வீட்டில் ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்துக்குப் போக, அது நான்கானது, மூன்றானது. ஒரு வீட்டில் ஒவ்வொன்றாகக் கட்டி இரண்டு பெட்டியில் பிரித்துப் போடச் சொன்னார்கள். அந்த வருஷம் பனி உருகுவதற்குள் புருஷன் பெண்டாட்டி வக்கீலிடம் போய்விட்டார்கள். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் இரண்டு என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, பெரிய துண்டாகப் பார்த்து இரண்டு என்றாள். அவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று அவள் மாமியாருக்கு முன்னால் அர்லிஸுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மூச்சு விடவில்லை. நானாக இருந்தால் அன்று மத்தியானத்துக்குள் ஊருக்குச் சொல்லியிருப்பேன்.

ஏன் இவ்வளவு அழுத்தக்காரி என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம். ஒருநாள் காபி குடிக்கும்போது அவளே சொன்னாள். அவள் புருஷன் அவளை விட்டுவிட்டு ஓடிப்போன வருஷம், கறிக்கூடத்தில் அப்போது இருந்த ஆளிடம் ஒன்று என்று சொல்லியிருக்கிறாள். அவன் கடை நிறைய ஆள் நிற்கும்போது சத்தமாக, ஏன், உன் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறான். அன்றைக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது என்றாள். பிறகு அந்த வேலைக்கே அவள் வந்தபோது தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

"எத்தனைன்னு கேக்கலாம். யாருக்குன்னு கேக்கக் கூடாது."

அந்தச் சட்டத்தை அவள் மீறியதே இல்லை. அதனாலேயே தனக்குத் தெரிய வேண்டிய ஒன்று அவளுக்குத் தெரியாமலே இருந்தது.

ஹார்லன் ட்வெய்ட் என்று ஒருவர். ஊருக்குத் தெற்கே புல்வெளியில் காட்டெருமை மந்தை வைத்திருக்கிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் வானிலையைப் பற்றித்தான். அவர் மனைவி ஜூனிஸ் இறந்து சில வருஷமாகிறது. ஆண்டுதோறும் ஒரு காட்டெருமையை எங்களிடம் அனுப்புவார். பாதி ஒரு ஓட்டலுக்குப் போகும். மீதிப் பாதியை அவரும் நண்பர் கோர்டியும் கால் கால் பங்காக எடுத்துக்கொள்வார்கள். கோர்டியும் தனி ஆள்தான், எப்படிக் கட்டுவது என்பதை ஹார்லனிடமே விட்டுவிடுவார். ஜூனிஸ் இறந்த வருஷம் அர்லிஸ் போன் செய்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பொட்டலத்துக்கு எத்தனை என்று கேட்டாள். அவர் இரண்டு என்றார். பழக்கத்தில் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம். அடுத்த வருஷமும் இரண்டு. அதற்கடுத்த வருஷமும் இரண்டு.

தனியாக இருக்கிற மனுஷனுக்கு எதற்கு இரண்டு? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவர் வீட்டு வழியாகக் காரில் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்தான் இருந்தது. ஆனாலும் டிக்கின்சன் ஊரில் அவருக்கு ஒரு பெண் சிநேகிதம் என்று தேவாலயத்துச் சமையலறையில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். அதை விடுங்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் அர்லிஸ் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஹார்லனுக்குப் போன் செய்யும் முன் அவள் தலை வாரிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். போனில் பேச எதற்கடி தலை வாருகிறாய் என்று கேட்டதற்குக் கத்தியைக் கழுவு என்றாள்.

போன இலையுதிர் காலத்தில் விஷயம் முற்றியது. அரிசோனாவில் இருக்கிற அவள் தங்கை, ஒரு அறை காலியாக இருக்கிறது, வெயில் இருக்கிறது, வந்து என்னோடு இரு என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். மான் வேட்டை முடிந்ததும் நின்றுவிடுகிறேன் என்று அர்லிஸ் டுவேனிடம் சொல்லிவிட்டாள். அவர் ரம்பத்தையே நிறுத்திவிட்டார். எதற்காகப் போகிறாய் என்று நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க இருந்து என்ன பண்ணச் சொல்ற, லவோன்? அந்த ரெண்டாவது துண்டு யாருக்குன்னு தெரிஞ்சா போதும். ஒருத்தி இருந்தா நிம்மதியா போயிடுவேன். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இல்லன்னா போக மாட்டேன். போதுமா?"

அப்படியானால் கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். அவள் பார்த்த பார்வையில் நான் தாளை எடுத்துப் பொட்டலம் கட்டத் தொடங்கிவிட்டேன். தன் வாழ்க்கையே கெட்டாலும் பரவாயில்லை, சட்டம் கெடக் கூடாது. அவள் அப்படிப்பட்டவள்.

அந்த வாரம்தான் கோர்டிக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்து, மகள் வீட்டோடு போய்விட்டார். அவருடைய கால் பங்கு காட்டெருமைக்கு ஆள் இல்லை. யாராவது எடுத்துக்கொள்ளட்டும், நீங்களே பாருங்கள் என்று ஹார்லன் டுவேனிடம் சொல்லிவிட்டார். எங்கள் கறிக்கூடத்தில் ஒரு முறை உண்டு. அரை உருப்படியை இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கிடையாது. முன்னும் பின்னும் கலந்து, எல்லாத் துண்டிலும் இருவருக்கும் பங்கு வர வேண்டும். அதனால் இருவருக்கும் ஒரே மாதிரிதான் அறுப்போம், ஒரே மாதிரிதான் கட்டுவோம். தடிமன் முதல் பொட்டலம் வரை இருவரும் பேசி ஒத்துப்போக வேண்டும்.

எனக்கு மண்டையில் விளக்கெரிந்தது. குளிர் அறைக்குப் போய், கொக்கியில் தொங்கிய அட்டையில் ஹார்லன் பெயருக்குக் கீழே அர்லிஸ் பிரெக்கி என்று பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.

மத்தியானம் அவள் அதைப் பார்த்தாள். மூக்கு சிவக்க என்னிடம் வந்தாள்.

"எனக்கெதுக்குடி கால் காட்டெருமை? இடுப்புல கட்டிக்கிட்டா அரிசோனா போவேன்?"

"பிடிக்கலன்னா அடிச்சிடு. பேனா அங்கதான இருக்கு."

பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டைக்கு முன்னால் நின்றாள். குளிரில் கை விறைக்கும்வரை நின்றாள். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, அடிக்காமல் வெளியே வந்தாள்.

காட்டெருமையை மாடு மாதிரி வாரக்கணக்கில் தொங்கவிட முடியாது. மேலே போர்வை மாதிரி மூடக் கொழுப்பு கிடையாது. நாள் போனால் மேல்கறி கறுத்துக் காய்ந்து, சீவிச் சீவியே பாதி குப்பைக்குப் போகும். நாளைக் காலையில் அறுக்கிறேன், இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள் என்றார் டுவேன். தன் கறிக்குத் தானே கேள்வி கேட்டுக்கொள்ள முடியாதல்லவா. அதனால் அன்று போன் மேஜையில் நான் உட்கார்ந்தேன். அர்லிஸ் என் மேஜையில், தாள் சுருளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தலை வாரியிருந்தாள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

என் குரலைக் கேட்டதும் ஹார்லன் திடுக்கிட்டது தெரிந்தது.

"ஏன் நீங்க பேசறீங்க? அர்லிஸ் போயிட்டாங்களா?"

இங்கேதான் இருக்கிறாள், இந்த வருஷம் உங்கள் பங்காளியே அவள்தான் என்றேன். அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

தடிமன் கேட்டேன். ஒரு அங்குலம் என்றார். அது போதாது, காட்டெருமைக்கறி கொழுப்பில்லாதது, மெல்லிசாகப் போட்டால் திருப்பிப் போடுவதற்குள் செருப்பாகிவிடும், ஒன்றேகால் வேண்டும் என்றாள் அர்லிஸ். அர்லிஸ் சொன்னால் சரி என்றார். கொத்துக்கறியில் தகராறு இல்லை. நாக்கு அவருக்கு, இருதயம் அவளுக்கு. வால் யாருக்கு என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே நேரம் போயிற்று. கடைசியில் நான் அதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடித்துவைத்தேன். எனக்கு வால் பிடிக்கும்.

அப்புறம் கேட்டேன், பொட்டலத்துக்கு எத்தனை என்று.

"ரெண்டு" என்றார் அவர். அதே நேரத்தில் "ஒன்னு" என்றாள் அவள்.

ஒரே உருப்படி, ஒரே கட்டு, பேசி முடியுங்கள் என்றேன். நாகரிகமுள்ளவளாக இருந்தால் அப்போது எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். நான் அசையவில்லை. அர்லிஸ் தாள் சுருளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். டிக்கின்சன் பெண் நிஜமாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது, நான்தானே இவளை இழுத்துவிட்டேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு எதுக்கு, ஹார்லன்?" என்றாள்.

"ஒன்னு ராத்திரிக்கு. இன்னொன்னு காலைல. ஆறினதை மெல்லிசா அரிஞ்சு, முட்டையோட."

"யாருக்கு?"

பத்திருபது வருஷமாக அவள் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

"எனக்குத்தான். வேற யாரு இருக்கா இங்க? நாய்கூட வசந்தத்துல செத்துப்போச்சு."

ராத்திரி ஸ்டேக், காலையில் அதே ஸ்டேக்கோடு முட்டை. இந்த ஊரில் எல்லோரும் தின்பதுதான். நானே வாரம் ஒருநாள் தின்கிறேன். ஆனால் எண்ணிக்கையைக் கேட்டு ஆளைக் கண்டுபிடித்தே பழகிப்போனதால், எங்கள் புத்தி ஆளைத் தாண்டிப் போகவேயில்லை. நான் அவர் வாசலில் பூட்ஸை எண்ணினேன். அவர் சட்டியில் இருந்த முட்டையை யோசித்தேனா?

அர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் பாவம், ஒன்று போதும் என்றால் ஒன்றாகவே கட்டட்டும், நான் இரண்டு பொட்டலம் பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"வேணாம், ரெண்டாவே கட்டட்டும்" என்றாள் அவள். "முட்டைய எப்படிப் போடுவீங்க?"

"மஞ்சக்கரு உடையாமதான் போடப் பாக்கறேன். எப்பவும் உடைஞ்சிடுது."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன். சட்டிய நான் பாக்கணும்."

போனை வைத்ததும் கத்தியைக் கழுவு என்று என்னிடம் சொன்னாள். கழுவினேன். சந்தோஷமாகக் கழுவினேன். மறுநாள் அவள் தங்கைக்குப் போன் செய்து, ஃப்ரீசர் நிறையக் கறி இருக்கிறது, இதை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாளாம். அரிசோனாக்காரிக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இந்த வருஷம் மறுபடியும் காட்டெருமை வந்தது. பிரித்துக்கொள்ளக் கூட்டாளி யாரும் இல்லை, முழு அரையும் ஒரே வீட்டுக்கு. அர்லிஸ் அன்று விடுப்பு, அதனால் நானே போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள், பின்னால் சட்டியில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது. தடிமன் ஒன்றேகால். நாக்கும் இருதயமும் வேண்டும். வாலை நீயே வைத்துக்கொள்.

"பொட்டலத்துக்கு எத்தனை?"

"நாலு" என்றாள்.

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் புதுசாக வேலைக்கு வந்திருக்கிற பெண் எட்டிப் பார்த்து, அந்த வீட்டில் இரண்டு பேர்தானே, மற்ற இரண்டு யாருக்கு என்று என் காதில் கிசுகிசுத்தாள். அதெல்லாம் இங்கே கேட்கக் கூடாது, தாளை எடு என்றேன்.